கல்லில் நாலரை அடி

“பச்சையை ஏத்துன்னா ஏத்து புள்ள. இதுல என்ன யோசனை வேண்டிக் கெடக்குது” என்று சொல்லிவிட்டு லோகநாதன் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டான், அவள் வாயைத் திறப்பதற்குள், எப்போதும் அப்படித்தான், கேள்வி மாதிரி ஒன்றைப் போடுவான், பதிலுக்கு நிற்கமாட்டான், முதுகைத்தான் காட்டுவான், அந்த முதுகில் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது, காலை எட்டு மணிக்கே என்ன வேர்வையோ, ஏதோ மூட்டை தூக்கினவன் மாதிரி. கோகிலவாணி கொடிக்கம்பத்தின் கீழேயே நின்றாள். இடது கக்கத்தில் பச்சைக் கொடி, வலது கக்கத்தில் சிவப்புக் கொடி, இரண்டும் நேற்றைய ஈரம் காயாமல் நாறின. பச்சை ஏறினால் வட்டப்பாறைத் துறையின் இருபத்திரண்டு பரிசலும் ஆற்றில் இறங்கும், சிவப்பு ஏறினால் இருபத்திரண்டும் கரையில் கவிழ்ந்து கிடக்கும், இவ்வளவுதான் இங்கே சட்டம். எட்டரைக்குக் கொடி என்று போர்டில் எழுதியிருக்கிறது. விடிந்ததும் தண்ணீரைப் பார்ப்பது, அளவை நோட்டில் எழுதுவது, பக்கத்தில் கையெழுத்துப் போடுவது, கொடியை ஏற்றுவது, இது அவள் வேலை, பிளஸ் ஒன் பாதியில் பையைச் சுருட்டி வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து பதினோரு மாசமாக இதுதான் வேலை. கண்ணு அவளுடையது, கையெழுத்து அவளுடையது, கயிறு இழுக்கும் கை அவளுடையது, யோசனை மட்டும் லோகநாதனுடையதாம். துறையை ஏலம் எடுத்த முதலாளி வைத்த சூப்பர்வைசர் என்றால் ஆற்றுக்கும் சூப்பர்வைசர் என்று நினைப்பு. ஆறு இவனுக்கு விசில் அடித்தால் நிற்குமா. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நோட்டைத்தானே பிரிப்பார்கள், யார் எழுதினது, கோகிலவாணி, யார் ஏத்தினது, கோகிலவாணி, சூப்பர்வைசர் எங்கே இருந்தார், டீ குடித்துக்கொண்டிருந்தார், அப்புறம் என்ன, டீ குடிப்பது குத்தமா.

துறைப்படிக்குப் பக்கத்தில், ஆற்றுக்குள், அளவுக்கல் நிற்கிறது, ஒன்றரை ஆள் உயரக் கருங்கல் தூண், வெள்ளை அடித்து அதன் மேல் கறுப்பில் ஒன்று இரண்டு மூன்று என்று அடி போட்டது. அஞ்சடிக்கு மேலே போனால் பரிசல் கூடாது, இது போர்டிலேயே இருக்கிறது. இன்றைக்குக் கல்லில் நாலரை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், நாலரைதான், கோடு தெளிவாகத் தெரிகிறது, தண்ணீர் அதை நக்குவதும் விடுவதுமாக இருக்கிறது. ஆனால் கல்லில் இன்னொன்று இருந்தது, பழைய இரும்பு வளையம், எந்தக் காலத்திலோ பரிசல் கட்ட அடித்தது, துருப்பிடித்துக் கல்லோடு ஒட்டிப்போனது, பெயின்ட் அடித்தவர்களும் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போன அந்த வளையம். அது முங்கினால் பரிசல் எடுக்காதே என்று சொல்லித்தான் இங்கே எல்லாருக்கும் துடுப்பைக் கையில் கொடுத்தார்கள், அடி கணக்கெல்லாம் பிறகு வந்தது. இன்றைக்கு வளையம் இல்லை. ஆறு மணிக்கு வந்தபோதே இல்லை. கையை விட்டுத் தடவிப் பார்த்தாள், முழங்கை நனைந்த பிறகுதான் அகப்பட்டது, சில்லென்று, உள்ளே யாரோ விரலை மடக்கி வைத்திருக்கிற மாதிரி. அப்புறம் தென்னமட்டைத் துணுக்கை முதல் படியிலிருந்து போட்டு எண்ணினாள், அளவுக்கல்லைத் தாண்ட எவ்வளவு எண்ணுகிறோம் என்று, நல்ல நாளில் முப்பது வரும், கொஞ்சம் இழுப்பு இருந்தால் இருபத்தைந்து. இன்றைக்குப் பதினாலு. வேகமாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி போட்டாள். பதினாலு. மூன்றாவது துணுக்கு பதினாலு வருவதற்குள் போய்விட்டது, அதை அவள் பதினாலு என்றே வைத்துக்கொண்டாள், ஏன் அப்படி வைத்துக்கொண்டாள், பன்னிரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை, பயம்தான், வேறென்ன. தண்ணீர் கம்மங்கூழ் நிறத்தில் இருந்தது. தேக்கிலை மிதந்து வந்தது, காய்ந்த இலை இல்லை, காம்போடு பிய்ந்த பச்சை இலை, அப்படியென்றால் மேலே மலையில் ராத்திரி அடித்திருக்கிறது, அந்தத் தண்ணீர் இன்னும் முழுசாக வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது, லோகநாதன் டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அது வளைவுகளைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் விட அந்த அமைதி. துறைக்குக் கீழே ஆறு திரும்பும் இடத்தில் உரல்பாறை, தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கடகடவென்று சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கு விலகித்தான் பரிசல்காரர்கள் திருப்புவார்கள். இன்றைக்குச் சத்தம் இல்லை. பாறை முங்கிவிட்டது. நல்லா முங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும், பரிசலின் அடி தட்டும் ஆழத்தில், மேலே வழுவழுவென்று தண்ணீர், பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் அதைப் பார்த்து எவ்வளவு அமைதியா இருக்கு பாரு என்பார்கள், போட்டோ எடுப்பார்கள்.

நாலரை. நாலரை பொய். அந்தப் பொய்யை அவளும் சேர்ந்துதான் கல்லில் எழுதினாள், அங்கேதான் மனசு ஒவ்வொரு தடவையும் போய் மாட்டிக்கொள்கிறது, முள்ளில் தாவணி மாட்டின மாதிரி, இழுத்தால் கிழிகிறது, விட்டால் நகர முடியவில்லை. பங்குனியில் ஆறு வற்றிக் கணுக்கால் அளவு ஓடியபோது கல்லுக்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். பழைய கோடெல்லாம் சுரண்டியாயிற்று. லோகநாதன் மேலே நின்று டேப்பைப் பிடித்தான், கீழே அவள். “நுனியைக் கீழ வெச்சு அழுத்திப் புடி” என்றான். அவள் அழுத்திப் பிடித்தாள். எதன் மேல் அழுத்தினாள், மணல் மேல். கல்லின் அடியில் இரண்டு படி மாதிரி மேடை உண்டு, பழைய அளவு அந்த மேடையின் அடியிலிருந்து தொடங்கும், அந்தக் கோடையில் மணல் ஏறி மேடை முழுசும் மூடிக்கிடந்தது, ஒன்றரை அடி மணல். அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த மேடையில் உட்கார்ந்து கால் கழுவியிருக்கிறாள். டேப் நுனி ஈர மணலில் புதைந்தது, பெருவிரல் நகத்துக்குள் மணல் ஏறியது, இப்போதும் அந்த இடம் உறுத்துகிற மாதிரி இருக்கிறது, அப்போது ஒரு வார்த்தை, அண்ணா இது அடியில்லைங்க, மணலுங்க, ஒரே ஒரு வார்த்தை. வேலைக்கு வந்து நாலைந்து மாசம்தான் ஆகியிருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள். ஆனியில் முதல் தண்ணீர் வந்தது, மணலை வாரிக்கொண்டு போனது, மேடை வெளியே வந்தது, கல்லில் பூஜ்யம் மட்டும் அந்தரத்தில் நின்றது. ஒன்பதாவதில் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து ஃபிசிக்ஸ் டீச்சர் சொன்னார், கருவியின் பூஜ்யம் சரியான இடத்தில் இல்லை என்றால் அதற்குச் சுழிப்பிழை என்று பேர், பிழையைக் கூட்டியோ கழித்தோ திருத்தாமல் எழுதுகிற எந்த அளவும் தப்பு என்று. பள்ளிக்கூடத்தில் சொன்னதில் உருப்படியாக மண்டையில் நின்றது அது ஒன்றுதான், அதையும் பரீட்சையில் எழுதித் தொலைத்துவிட்டு எல்லாரும் மறந்துவிட்டார்கள். நாலரையும் ஒன்றரையும் ஆறு. இதற்குப் பிளஸ் டூ எதற்கு.

சொல்லாமல் இல்லை. இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை, “பாக்கலாம் பாக்கலாம்” என்றான். இரண்டாவது தடவை அவளைக் கல்லுக்கு எதிரே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, “படி” என்றான். “மூணேகாலுங்க.” “எவ்வளவு வரைக்கும் போலாம்.” “அஞ்சுங்க. ஆனா இந்தக் கல்லு...” “கல்லு பேசுதா, நீ பேசறியா?” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சரி, அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகவே இருக்கட்டும், ஆறு இறங்கித்தான் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை அப்படி இல்லை. கல் மூன்றேமுக்கால் காட்டியது, மூன்றேமுக்காலும் ஒன்றரையும் அஞ்சேகால், வளையத்தில் தண்ணீர் தட்டியது, லோகநாதன் வேறு ஊருக்குப் போயிருந்தான், யாரையும் கேட்காமல் சிவப்பை ஏற்றினாள். பதினோரு மணிக்குத் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிட்டது. வளையம் பளபளவென்று வெளியே வந்து வெயிலில் காய்ந்தது, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டின மாதிரி. அன்றைக்கு இருபத்திரண்டு பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், பேசவே இல்லை, அதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் மட்டும் ஒருத்தர், “கோகி, இன்னைக்கி மானத்துல மேகம் ஒண்ணு தனியா நிக்குது, செவப்பு ஏத்திரலாமா” என்றார். தப்பாகப் பார்த்தேனா, இல்லை, சரியாகத்தான் பார்த்தாள், இறங்கும் என்று யாருக்குத் தெரியும், இறங்கினதால் பார்த்தது தப்பாகிவிடுமா. ஆகிவிடுகிறது. இவர்களுக்கு ஆகிவிடுகிறது. யாராவது செத்திருந்தால்தான் அவள் சரி. இது என்ன நியாயம். ஒருத்தர் செத்துத்தான் ஒருத்தி சொன்னது சரியென்று ஆகவேண்டும் என்றால் அந்தச் சரி யாருக்கு வேண்டும்.

அதோ சென்னியப்ப மாமா. அம்மாவின் தம்பி, அவளைத் தோளில் வைத்துத் தூக்கித் திரிந்தவர், இன்றைக்கு ஆற்றில் இறங்கும் முதல் முறை அவருடையது. பரிசலை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே குந்தி, காய்ந்துகிடந்த அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார், காய்ந்ததை எதற்குத் துடைக்கவேண்டும். அவருக்கும் வளையம் தெரியும். உரல்பாறை பேசாதது அவர் காதுக்கும் தெரியும், அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திருப்பினவர். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். பச்சை ஏறின பிறகு ஒருத்தன் நான் போகவில்லை என்றால் அவன் முறை கடைசிக்குப் போய்விடும், இருபத்திரண்டாவதாக, இது பரிசல்காரர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டு. முறை போவது கூடப் பெரிசில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழனிவேல் அண்ணன் ஒரு நாள் பச்சையில் மறுத்துவிட்டார், அன்றிலிருந்து அவர் பேர் பக்கெட்டுப் பழனி, ஆற்றைக் கண்டால் பயம், பக்கெட்டில்தான் குளிப்பார் என்று, அவர் பையன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில்கூட அப்படித்தான் சொன்னார்கள். கொடிக்காரி சொந்த அக்கா மகள் என்பதால் மாமா கண்ணைக் கூடக் காட்ட முடியாது, காட்டினால் மாமனும் மருமகளும் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று சொல்ல ஆள் இருக்கிறது. ஏழு மணிக்கு அவர் படிக்கு வந்து முகம் கழுவினபோது அவள் மெதுவாகக் கேட்டாள், “மாமா, என்ன பண்ணட்டும்?” அவர் வாயில் இருந்த தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார். “நீ எதை ஏத்துனாலும் சரி கண்ணு. பச்சைன்னா நான் போவேன். அதை மட்டும் மனசுல வெச்சுக்க.” இவ்வளவு பெரிய ஆள், பத்துப் பேர் தோளில் ஏறினாலும் தாங்குகிறவர், தண்ணீரைப் பார்த்துத் தண்ணீர் சரியில்லை என்று சொல்ல முடியாதாம், ஒரு துணி சொல்லவேண்டுமாம், அந்தத் துணியைப் பதினேழு வயசுப் பெண் கக்கத்தில் கொடுத்து வைத்திருக்கிறார்களாம். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எல்லார் மேலும். டேப்பை அழுத்தின தன் பெருவிரல் மேலும்.

பஸ் வந்து நின்று பத்து நிமிஷம் ஆகிறது. வெளியூர்ப் பள்ளிக்கூடம் எதுவோ, ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்து நாலு பிள்ளைகள், ஆரஞ்சுக் கலர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி மாட்டிக் கழட்டுகிறார்கள், ஒருத்தன் அதை மாட்டிக்கொண்டு கோழி மாதிரி நடக்கிறான், கொக்கி அறுந்த ஜாக்கெட்டை யாருக்குக் கொடுப்பது என்று பரிசல்காரர் ஒருத்தர் தேடிக்கொண்டிருக்கிறார், பத்தில் இரண்டு அப்படித்தான், அதையும் அவள் சொல்லியிருக்கிறாள். “என்ன கோகி, கொடியைக் கக்கத்துல வெச்சுக் காயப் போடறியா” என்று நாலாவது முறைக்காரர் கூப்பிட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள், மாமா சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் படியில் இறங்கிவந்து அவள் பக்கத்தில் நின்றது. “அக்கா, ஆழமா?” “எதைக் கேக்கற?” “ஆறு.” “கல்லுல பாரு.” அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. “நாலரை. அவ்ளோதானா? எங்க மிஸ் நீச்சல் தெரிஞ்சவங்க கை தூக்குங்கன்னாங்க, மூணு பேர் தூக்கினோம், அதுல ஒருத்தன் பொய்.” “நீ?” “நான் பொய் இல்லை. ஸ்விம்மிங் பூல்ல தெரியும்.” கோகிலவாணிக்குத் திடீரென்று என்னமோ தோன்றியது, கேட்டுவிட்டாள். “சுழிப்பிழை படிச்சிட்டீங்களா?” “படிச்சாச்சு. டெஸ்ட்டே முடிஞ்சிருச்சு. அதுல மூணு மார்க் கேள்வி வரும்.” “என்ன எழுதுன?” அந்தப் பெண் ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தது, மூச்சு விடாமல், முதன்மை அளவுகோலின் சுழியும் வெர்னியர் அளவுகோலின் சுழியும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அக்கருவி சுழிப்பிழை உடையது எனப்படும். “மூணுக்கு மூணு” என்றது. மேலேயிருந்து டீச்சர் கூப்பிட்டார், பெண் ஓடிவிட்டது, ஓடும்போது ஜாக்கெட்டின் வார் ஒன்று பின்னால் தரையில் தேய்ந்தது, கொக்கி இல்லாதது.

மூணுக்கு மூணு. தேய்ந்துகொண்டே போன அந்த வாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயதிருக்கும், இதே துறையில் கடைசிப் படிக்கும் கீழே ஒரு காலை வைத்தாள், வேண்டுமென்றுதான் வைத்தாள், தண்ணீர் பெரிசாக ஒன்றும் செய்யவில்லை, குதிகாலுக்கு அடியிலிருந்த மணலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் களவாடிக்கொண்டு போனது, கூச்சமாக இருந்தது, சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருக்கும்போது நிற்க இடம் இல்லாமல் போனது. மாமா முடியைப் பிடித்துத் தூக்கினார். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் பயமாக இருக்கிறது, முங்கினது இல்லை. இவர்களும் சிரிப்பார்கள், உரல்பாறை வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் போவார்கள், மாமா துடுப்பைப் போட்டுத் திருப்புவார், சத்தம் வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, சத்தம் வராது. பதினாலு. ஒருவேளை செவ்வாய்க்கிழமை மாதிரி இறங்கிவிட்டால். பதினோரு மணிக்கு வளையம் வெளியே வந்து பல்லைக் காட்டினால். அப்போது வேலை போகும், போகட்டும், மாமாவும் பேசமாட்டார், பக்கெட்டுக் கோகி என்பார்கள், அவள் கல்யாணத்திலும் சொல்வார்கள், சொல்லித் தொலையட்டும். இறங்காவிட்டால். பச்சைத் தேக்கிலை இன்னும் வருகிறது, ஒன்று, அதன் பின்னால் ஒரு கொப்பு முழுசாக, இலையெல்லாம் மேலே நிமிர்ந்து, யாரோ தண்ணீருக்கடியில் குடை பிடித்துப் போகிற மாதிரி. இரண்டு தடவை சொல்லிவிட்டேன், இனி அவன் பாடு என்று இருக்கலாம். மணல் மேல் டேப்பை அழுத்தின அன்றைக்கும் அப்படித்தானே நினைத்தாள், நமக்கென்ன என்று. நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். கல்லில் நாலரை என்று எழுதவில்லை. ஆறு என்று எழுதினாள், எண்ணாலும் எழுத்தாலும், கீழே, மணல் மேல் டேப் வைத்து அடித்த கோடு, ஒன்றரை அடி கூட்டிப் படிக்கவும், டேப்பைப் பிடித்தது நான், என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், முழுப் பேரும் போட்டாள்.

சிவப்பு மேலே போகும்போது ஈரத்தில் சுருண்டுகொண்டு விரியவே இல்லை, பாதிக்கு மேல் காற்றுப் பிடித்து ஒரே அடியாக விரிந்தது, பிள்ளைகள் யாரோ கை தட்டினார்கள், என்ன கொடி என்று தெரியாமல். பரிசல்காரர்கள் தட்டவில்லை. ஒருத்தர் காறித் துப்பினார். நாலாவது முறைக்காரர், “ஆத்தா மறுபடி வந்துட்டாடா” என்றார், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மாமா எழுந்தார், அவள் பக்கம் பார்க்கவில்லை, துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, பரிசலின் விளிம்பைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிக் கவிழ்த்தார், தரையில் அது தொம்மென்று விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் பொறுத்துத் தன்னுடையதையும் கவிழ்த்தார். டீக் கிளாஸோடு லோகநாதன் மேட்டிலிருந்து இறங்கி வந்தான், வேகமாக, டீ கையில் சிந்திக்கொண்டு, “ஏ புள்ள, உனக்கு என்ன சொல்லிட்டுப் போனேன். நாப்பத்து நாலு டிக்கெட்டு. கல்லுல நாலரை இருக்குது, கண்ணு தெரியலயா உனக்கு?” கயிற்றை அவள் கம்பத்தில் கட்டவில்லை, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள், மீதியைக் காலில் மிதித்திருந்தாள். வாய்க்குள் எண்ண ஆரம்பித்திருந்தாள், எதற்கென்று தெரியாமலே, படியிலிருந்து எதையும் போடாமலே, ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கிட்டே வந்துவிட்டான், டீ வாசம் அடித்தது. “எறக்கு” என்றான். அப்போது பதினாலு. பதினைந்து, பதினாறு. “காது கேக்கலயா, எறக்குங்கறேன். பச்சையை ஏத்து.” கயிறு மணிக்கட்டில் இறுகியது, மேலே காற்று இழுத்தது. இருபத்திரண்டு. பச்சைக் கொடி இன்னும் இடது கக்கத்திலேயே இருந்தது. முப்பது வரைக்கும் நிதானமாக எண்ணி முடித்தாள். இறக்கவில்லை.